பாஸ்வேர்டு சரிதான், தண்டர்பேர்டு ஏன் தப்பு என்கிறது?

கேள்வி: கரூரில் ஒரு சின்ன ஜவுளி ஏற்றுமதி ஆபீஸில் 19 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். பெட்ஷீட், மேஜை விரிப்பு, கிச்சன் டவல் அனுப்புகிறோம். மூன்று வாரம் முன்பு பழைய கம்ப்யூட்டர் உயிரை விட்டது. அதோடு நான்கு வருட மெயிலும் போய்விட்டது. இப்போது புதுக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறோம். முதலாளி கம்பெனி பெயரிலேயே டொமைன் வாங்கி எனக்கு ஒரு புது மெயில் ஐடியும் போட்டுக் கொடுத்திருக்கிறார். பழைய ஜிமெயிலும் வேண்டும், பாதிப் பார்ட்டிகள் இன்னும் அதற்குத்தான் அனுப்புகிறார்கள். இரண்டையும் தண்டர்பேர்டு என்ற மெயில் புரோகிராமில் போடப் பார்த்தேன். ஜிமெயிலுக்குப் பாஸ்வேர்டு தப்பு என்கிறது. அதே பாஸ்வேர்டு பிரவுசரில் போகிறது. புது ஐடிக்கு மெயில் வருகிறது, ஆனால் அதிலிருந்து அனுப்பினால் ‘ரிலே’ என்று ஏதோ சொல்லித் திருப்பிவிடுகிறது. கம்ப்யூட்டர் கடைத் தம்பி, “பாப் போடுங்கம்மா, மெயில் நம்ம கையிலேயே இருக்கும்” என்கிறார். என் மகன், “ஐமேப்தான் போடணும்” என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: மகன் சொல்வதைக் கேளுங்கள் அம்மா. ஆனால் கடைத் தம்பியை அடியோடு ஒதுக்கவும் வேண்டாம். மெயிலின் ஒரு பிரதி நம் கையில் இருக்க வேண்டும் என்று அவர் நினைப்பது நியாயம்தான். அதற்கு அவர் சொல்லும் வழிதான் உங்கள் நான்கு வருட மெயிலையும் விழுங்கியிருக்கிறது என்பது என் ஊகம். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். புதுக் கணக்கு போடுவது நாளை மறுநாள்கூட நடக்கும், பழைய மெயிலைத் தேடுவதற்கு நாள் தள்ளக் கூடாது.

ஜிமெயிலுக்கு வந்த மெயில், உங்கள் மேஜைமேல் இருந்த கம்ப்யூட்டர் கெட்டதும் எப்படிக் காணாமல் போகும்? ஐமேப் என்றால் மெயில் கூகுளின் கம்ப்யூட்டரிலேயே, அதாவது சர்வரிலேயே, இருக்கும்; பாப் என்றால் நம் கம்ப்யூட்டருக்கு இறங்கிவிடும். ஐமேப்பில் இருந்திருந்தால் புதுக் கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்தவுடன் எல்லாம் அங்கேயே உட்கார்ந்திருக்கும். ஆக, பழைய கம்ப்யூட்டரில் யாரோ பாப் போட்டு வைத்திருந்தார்கள் என்றுதான் தோன்றுகிறது. சரி, பாப்பில் இறக்கிய மெயிலை ஜிமெயில் தன் பக்கம் என்ன செய்யும் என்பதற்கு அதன் செட்டிங்ஸில் நான்கு வழிகள் உண்டு: இன்பாக்ஸிலேயே விட்டுவிடலாம், படித்ததாகக் குறித்து வைக்கலாம், ஆர்க்கைவில் போடலாம், அழித்துவிடலாம். உங்களுடையது மூன்றாவதாக இருந்தால் இன்பாக்ஸ் காலியாகத் தெரியும், மெயில் எல்லாம் ‘ஆல் மெயில்’ என்ற இடத்தில் பத்திரமாக இருக்கும். பிரவுசரில் ஜிமெயிலைத் திறந்து, இடது பக்கம் ‘மோர்’ என்பதைத் தட்டி, ‘ஆல் மெயில்’ உள்ளே போய்ப் பாருங்கள். இதே கதையோடு வந்து, அங்கே மொத்தத்தையும் கண்டு, என் எதிரிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டவர்கள் உண்டு.

நான்காவது வழியாக இருந்தால் அவை ‘ட்ராஷ்’ பகுதிக்குப் போயிருக்கும். அங்கே 30 நாள்தான் இருக்கும், பிறகு தானாக அழிந்துவிடும். கம்ப்யூட்டர் போய் மூன்று வாரம்தான் ஆகிறது என்கிறீர்கள். அப்படியானால் அதற்கு முந்தைய சில நாள்களின் மெயிலாவது இன்று மிச்சம் இருக்கும், அடுத்த வாரம் இருக்காது. இதைப் படித்து முடிப்பதற்கு முன்பே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். இன்னொன்று, நீங்கள் அனுப்பிய மெயில்கள். அவை ஜிமெயிலின் சர்வர் வழியாகப் போயிருந்தால், எந்தப் புரோகிராமிலிருந்து அனுப்பியிருந்தாலும் அதன் ‘சென்ட்’ பகுதியில் ஒரு பிரதி விழுந்திருக்கும். பார்ட்டி அனுப்பிய மெயில் போயிருந்தாலும், நீங்கள் எழுதிய பதிலின் அடியில் அது ஒட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் எங்கே? பழைய இரும்புக் கடைக்குப் போகவில்லையே? அதை யாரும் ஃபார்மேட் செய்யாமல் வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். என்ன செய்வது என்று கடைசியில் சொல்கிறேன்.

இப்போது பாப், ஐமேப் வழக்குக்கு வருவோம். உங்கள் தொழில் பாஷையிலேயே சொல்வதானால், ஐமேப் என்பது ஆபீஸில் ஒரே பேரேடு வைத்திருப்பது. நீங்கள் மேஜையில் திறப்பதும் முதலாளி போனில் திறப்பதும் ஒரே பேரேட்டைத்தான். நீங்கள் ஒரு வரியைப் படித்து டிக் அடித்தால் அவருக்கும் அந்த டிக் தெரியும். அவர் ஒன்றை அடித்துவிட்டால் உங்களுக்கும் அது இல்லை. பாப் என்பது அந்தப் பேரேட்டிலிருந்து தாளைக் கிழித்து வீட்டுக்கு எடுத்துப் போவது. வீடு தீப்பிடித்தால் தாளும் சேர்ந்து போகும்.

அந்தத் தம்பியும் யாரிடமோ தொழில் கற்றவர்தான். அவருக்குக் கற்றுக் கொடுத்தவர் காலத்தில் பாப்தான் புத்திசாலித்தனம். டயல்-அப் மோடத்தில் போன் பில் ஓடிக்கொண்டே இருக்கும், மெயிலை இறக்கிக்கொண்டு லைனைத் துண்டிப்பதுதான் சிக்கனம். சர்வரில் இடமும் கிடையாது. 2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் 1 ஜிபி தருவதாகச் சொன்னபோது அது ஏப்ரல் ஃபூல் விளையாட்டு என்று நினைத்தவர்கள் அநேகம், ஏனென்றால் அன்றைக்கு ஹாட்மெயில் இலவசமாகத் தந்தது வெறும் 2 எம்பி. அந்தக் காலத்துப் பழக்கம் இன்னும் சில கடைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. ‘சர்வரில் பிரதி இருக்கட்டும்’ என்று பாப்பிலும் ஒரு பெட்டி உண்டுதான். ஆனால் பக்கத்திலேயே ‘இத்தனை நாள் வரை’ என்று இன்னொரு பெட்டியும் இருக்கும். அதை யாரும் கவனிப்பதில்லை. ஆகவே இரண்டு ஐடிக்கும் ஐமேப்.

ஒரு எச்சரிக்கை. தண்டர்பேர்டில் ஏற்கெனவே பாப் என்று போட்ட கணக்கை உள்ளே போய் ஐமேப்பாக மாற்ற முடியாது. புதிதாக ஒரு கணக்குதான் சேர்க்க வேண்டும். தம்பி ஏற்கெனவே பாப் போட்டுவிட்டிருந்தால் அதை உடனே நீக்கிவிடாதீர்கள். முதலில் ஐமேப் கணக்கைச் சேர்த்து, பாப் கணக்கில் இறங்கிக் கிடக்கும் மெயிலை அதற்குள் இழுத்துப் போட்டு, எண்ணிக்கை சரியா என்று பார்த்த பிறகு நீக்குங்கள்.

அடுத்து ஜிமெயில் பாஸ்வேர்டு. நீங்கள் போட்டது சரியான பாஸ்வேர்டுதான். அதைத் தண்டர்பேர்டு கொண்டுபோய்க் கொடுக்கும் விதத்தைத்தான் கூகுள் ஏற்கவில்லை. முன்பெல்லாம் மெயில் புரோகிராம் உங்கள் பாஸ்வேர்டை வாங்கித் தன்னிடம் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் சர்வரிடம் அதையே நீட்டும். அந்த ஒரு பாஸ்வேர்டு உங்கள் மெயிலுக்கு மட்டுமா? போட்டோ, டிரைவ், பிளே ஸ்டோர் எல்லாவற்றுக்கும் அதுதான் சாவி. வீட்டுச் சாவிக் கொத்தையே பால்காரரிடம் கொடுத்து வைக்கிற மாதிரி. 2022 மே 30 முதல் தனிநபர் ஜிமெயில் கணக்குகளுக்குக் கூகுள் இதை நிறுத்திவிட்டது. நிறுத்தியதைப் புரியும்படி சொல்லியிருக்கலாம். ‘பாஸ்வேர்டு தப்பு’ என்ற பழைய வசனத்தையே திரும்பச் சொல்வதால்தான் ஜனங்கள் பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டு, கடைசியில் எது உண்மையான பாஸ்வேர்டு என்றே மறந்துவிடுகிறார்கள். நீங்களும் மாற்றியிருந்தால், கடைசியாகப் போட்டதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

சரிசெய்வது சுலபம். தண்டர்பேர்டின் ‘அக்கவுண்ட் செட்டிங்ஸ்’ போய், ஜிமெயில் கணக்கின் கீழே ‘சர்வர் செட்டிங்ஸ்’ திறங்கள். ‘ஆதென்டிகேஷன் மெத்தட்’ என்ற இடத்தில் ‘நார்மல் பாஸ்வேர்டு’ என்று இருக்கும். அதை ‘ஓ-ஆத் 2’ என்று மாற்றுங்கள். இடது பக்கப் பட்டியலின் அடியில் ‘அவுட்கோயிங் சர்வர்’ என்று தனியாக ஒன்று இருக்கும். அங்கேயும் ஜிமெயிலுக்கு உரியதைத் தேர்ந்தெடுத்து இதே மாற்றத்தைச் செய்ய வேண்டும். பலர் முதலாவதோடு நிறுத்திவிட்டு, “வருது சார், போகலை” என்று போன் செய்வார்கள். இதன்பின் ‘கெட் மெசேஜஸ்’ தட்டியதும் கூகுளின் சொந்த லாகின் பக்கம் ஒரு சின்ன ஜன்னலில் திறக்கும். அங்கே போடும் பாஸ்வேர்டு நேராகக் கூகுளுக்குப் போகிறது. ‘அலவ்’ கொடுத்தால் தண்டர்பேர்டுக்குக் கிடைப்பது ஓர் அனுமதிச் சீட்டு மட்டும், பாஸ்வேர்டு அல்ல. நாளைக்குக் கம்ப்யூட்டர் திருடுபோனாலும் கூகுள் கணக்குக்குள் போய் அந்தச் சீட்டை ரத்து செய்துவிடலாம்.

அந்த ஜன்னல் திறக்காமலோ, திறந்து திறந்து மூடிக்கொண்டோ இருந்தால் குக்கீ (லாகினை நினைவில் வைக்கும் சின்னக் குறிப்பு) தடுக்கப்பட்டிருக்கலாம். தண்டர்பேர்டின் ‘செட்டிங்ஸ்’, ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’ பகுதியில் ‘அக்செப்ட் குக்கீஸ்’ பெட்டியில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். மெயில் புரோகிராமில் குக்கீ எதற்கு என்று யாரோ நல்லெண்ணத்தோடு எடுத்துவிட்டிருப்பார்கள்.

‘ஆப் பாஸ்வேர்டு’ என்று 16 எழுத்து எடுத்துப் போடச் சொல்லி யாராவது வந்தால் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். அது ஓ-ஆத் தெரியாத பழைய புரோகிராம்களுக்கு, உங்களுடையதற்குத் தேவையில்லை. அதே மாதிரி, ஜிமெயில் செட்டிங்ஸில் ‘எனேபிள் ஐமேப்’ என்ற பொத்தானைத் தேடி அலையாதீர்கள். பழைய வழிகாட்டிகளில் அதைப் பெரிதாக எழுதியிருப்பார்கள். 2025 ஜனவரியிலிருந்து தனிநபர் ஜிமெயிலில் அந்தப் பொத்தானே கிடையாது, ஐமேப் எப்போதும் திறந்தே இருக்கிறது.

ஜிமெயில் உள்ளே வந்ததும் ஒரு மெயில் இரண்டு மூன்று இடத்தில் தெரிகிறதே என்று திடுக்கிடுவீர்கள். ஜிமெயிலில் உண்மையில் ஃபோல்டர் கிடையாது, லேபிள்தான். ஒரே மெயிலுக்கு மூன்று லேபிள் ஒட்டியிருந்தால் தண்டர்பேர்டு அதை மூன்று ஃபோல்டரில் காட்டும். ‘ஆல் மெயில்’ வேறு எல்லாவற்றையும் இன்னொரு தடவை காட்டும், இன்னொரு தடவை இறக்கவும் செய்யும். பிரவுசரில் ஜிமெயில் செட்டிங்ஸ், ‘லேபிள்ஸ்’ பக்கம் போய் ‘ஆல் மெயில்’ எதிரே இருக்கும் ‘ஷோ இன் ஐமேப்’ டிக்கை எடுத்துவிடுங்கள், பாதிப் பாரம் குறையும். ஆனால் முதலில் சொன்ன தேடலை முடித்துவிட்டு இதைச் செய்யுங்கள். ஆர்க்கைவில் கிடக்கும் பழைய மெயில் கிடைத்தால் அதை இன்பாக்ஸுக்கு நகர்த்தியோ ‘பழசு’ என்று ஒரு லேபிள் ஒட்டியோ வைத்தால்தான் அது தண்டர்பேர்டில் தெரியும்.

இனி கம்பெனி ஐடி. ‘ரிலே’ என்ற அந்த ஒரு சொல்லை நீங்கள் எழுதியது ரொம்ப உதவி. பலர் “எர்ரர் வருது” என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

மெயில் வாங்குவது ஒரு சர்வர், அனுப்புவது வேறு சர்வர். அனுப்பும் முறைக்கு எஸ்எம்டிபி என்று பெயர். போனில் சொல்லும்போது “எஸ் ஃபார் சேலம், எம் ஃபார் மதுரை, டி ஃபார் திருச்சி, பி ஃபார் பழனி” என்று நான் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்வேன். இந்த முறை 1982-ல் வகுக்கப்பட்டது. அன்றைக்கு இன்டர்நெட்டின் முன்னோடியான நெட்வொர்க்கில் இருந்தவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழக, ஆராய்ச்சிக்கூட ஆள்கள். வந்தவரை யார் என்று கேட்கும் ஏற்பாடே அதில் வைக்கவில்லை. யார் கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்கி அடுத்த சர்வருக்குக் கடத்திவிடும். இப்படிக் கடத்துவதுதான் ரிலே. ஸ்பேம் அனுப்புகிறவர்கள் இதைக் கண்டுகொண்ட பிறகு கதை மாறியது. அனுப்பும்போதும் பெயரும் பாஸ்வேர்டும் காட்ட வேண்டும் என்பது 1999-ல்தான் முறைப்படி இதில் சேர்ந்தது. இன்று அடையாளம் காட்டாமல் வருகிறவரை எந்த ஒழுங்கான சர்வரும் உள்ளே விடாது. ‘ரிலே கிடையாது’ என்றால், ‘நீ யாரென்று எனக்குத் தெரியாது, உன் கடிதத்தை நான் வெளியூருக்குக் கொண்டுபோக மாட்டேன்’ என்று அர்த்தம்.

வருவதற்குச் சரியாக இருந்த அடையாளம் அனுப்புவதற்கு ஏன் இல்லை? ஜிமெயில் மாதிரிப் பெரிய சேவைகளின் விவரங்கள் தண்டர்பேர்டின் பட்டியலில் தயாராக இருக்கும். உங்கள் கம்பெனி டொமைன் அதில் இருக்காது. அதனால் அது ‘மெயில்’, ‘ஐமேப்’, ‘எஸ்எம்டிபி’ என்று ஒவ்வொரு பெயராக டொமைனுக்கு முன்னால் ஒட்டிக் கதவைத் தட்டிப் பார்க்கும். குருட்டாம்போக்கில் ஒன்று பொருந்தும், ஒன்று அரைகுறையாக நிற்கும். உங்களுக்கு அப்படித்தான் ஆகியிருக்க வேண்டும்.

‘அவுட்கோயிங் சர்வர்’ போய்க் கம்பெனி ஐடிக்கு உரியதைத் திறங்கள். நான் அங்கே முதலில் பார்ப்பது ‘யூசர் நேம்’. ‘@’ குறிக்கு முன்னால் இருக்கும் பாதியை மட்டும் போட்டிருப்பார்கள், முழு மெயில் முகவரியும் வேண்டும். டொமைனுக்கு மெயில் சர்வர் நடத்தும் சின்ன ஹோஸ்டிங் கம்பெனிகளில் பத்துக்கு எட்டுப் பிரச்சினை இதுதான் என்று என் அனுபவத்தில் சொல்வேன். ‘ஆதென்டிகேஷன்’ என்பது ‘நோ ஆதென்டிகேஷன்’ என்று கிடந்தால் அதை ‘நார்மல் பாஸ்வேர்டு’ ஆக்குங்கள். ஜிமெயிலுக்கு வேண்டாம் என்று சொன்ன அதே சொல்தான், குழம்ப வேண்டாம். இந்த மாதிரி ஹோஸ்டிங் சர்வர்களில் பொதுவாக ஓ-ஆத் இருக்காது, இங்கே இதுதான் சரி. கனெக்ஷன் முழுக்கப் பூட்டிய குழாயில் போவதால் பயமில்லை.

பூட்டு என்றதும் போர்ட் எண், அதாவது சர்வரின் எந்த வாசல் என்ற எண். அனுப்புவதற்கு 465 என்றால் ‘எஸ்எஸ்எல்/டிஎல்எஸ்’, 587 என்றால் ‘ஸ்டார்ட் டிஎல்எஸ்’. இந்த ஜோடி மாறினால் பல சமயம் எர்ரர்கூட உடனே வராது, சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். வாங்குவதற்கு ஐமேப் 993, ‘எஸ்எஸ்எல்/டிஎல்எஸ்’. 25 என்று எங்கேயாவது இருந்தால் அடித்துவிடுங்கள். அது சர்வரும் சர்வரும் பேசிக்கொள்ளும் வாசல். ஸ்பேமுக்குப் பயந்து பல இன்டர்நெட் கம்பெனிகள் அதை அடைத்தே வைத்திருக்கும்.

சர்வர் பெயரை ஊகிக்க வேண்டாம். டொமைன் வாங்கிய இடத்தில் முதலாளிக்கு ஒரு லாகின் கொடுத்திருப்பார்கள். அது சிபேனல் என்ற நிர்வாகப் பக்கம் என்றால் ‘ஈமெயில் அக்கவுண்ட்ஸ்’ பக்கத்தில் உங்கள் ஐடிக்கு எதிரே ‘கனெக்ட் டிவைசஸ்’ என்று இருக்கும். தட்டினால் சர்வர் பெயர், போர்ட் எல்லாம் ஒரே பக்கத்தில் வரும். அதை ஒரு பிரின்ட் எடுத்து ஃபைலில் போட்டு வையுங்கள். அடுத்த கம்ப்யூட்டர் வரும்போது யாரையும் கேட்க வேண்டாம்.

இந்த இடத்தில் ஒரு குறுக்குவழியை யாராவது காட்டலாம்: “கம்பெனி ஐடியையும் ஜிமெயில் சர்வர் வழியாவே அனுப்பிடுங்க, உடனே போகும்.” போகும், உண்மைதான். ஆனால் ஜிமெயிலில் முன்கூட்டியே அந்த முகவரியைப் பதிந்து உறுதிசெய்யாவிட்டால், அனுப்புநர் இடத்தில் உங்கள் கம்பெனி ஐடியை எடுத்துவிட்டுப் பழைய ஜிமெயில் முகவரியை அதுவே போட்டுவிடும். வெளிநாட்டுப் பார்ட்டி அதைப் பார்த்து அதற்கே பதில் போடுவார். முதலாளி டொமைனுக்குக் கட்டிய காசு வீண். ஆகவே எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனை: கம்பெனி ஐடியிலிருந்து உங்கள் ஜிமெயிலுக்கு ஒரு மெயில் அனுப்பி, அனுப்பியவர் இடத்தில் எந்த முகவரி இருக்கிறது என்று பாருங்கள். அது ஸ்பேமில் போய் விழுந்திருந்தால் உங்கள் தப்பு அல்ல. மெயில் உண்மையிலேயே அந்த டொமைனிலிருந்துதான் வந்தது என்று காட்டும் ‘எஸ்பிஎஃப்’, ‘டிகேஐஎம்’ என்ற பதிவுகள் இரண்டும் எங்கள் டொமைனுக்குப் போட்டிருக்கிறதா என்று ஹோஸ்டிங்காரரிடம் முதலாளியைக் கேட்கச் சொல்லுங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இவற்றில் ஒன்றாவது இல்லாத டொமைனிலிருந்து வரும் மெயிலைச் சந்தேகத்தோடுதான் பார்க்கின்றன.

கணக்கு சேர்க்கும்போதோ பிறகோ ‘செக்யூரிட்டி எக்ஸெப்ஷன்’ என்று ஒரு பெட்டி எழும்பி, ‘கன்ஃபர்ம்’ என்று பொத்தான் காட்டும். தட்டிவிட்டால் வேலை நடக்கும், அதனால் எல்லாரும் தட்டுகிறார்கள். நீங்கள் தட்டாதீர்கள். சர்வர் பெயரும் அதன் அடையாளச் சான்றிதழில் இருக்கும் பெயரும் ஒத்துப்போகவில்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம். ஹோஸ்டிங்காரரிடம் கேட்டால் சரியான பெயரைத் தருவார். இன்னொரு காரணத்தை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு அரிசி மண்டியில் நேற்று வரை ஓடிய மெயில் காலையில் இந்தப் பெட்டியைக் காட்டி அடம்பிடித்தது. பாஸ்வேர்டு மாற்றினேன், சர்வர் பெயர் மாற்றினேன், கணக்கையே எடுத்துத் திரும்பப் போட்டேன். அரை நாள் போய்விட்டது. டீ கொண்டுவந்த பையன் திரையின் மூலையைக் காட்டி, “அண்ணே, தேதி 2012-ன்னு இருக்கு” என்றான். மதர்போர்டில் இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்து, ராத்திரி கரண்ட் போனதும் கடிகாரம் பின்னுக்குப் போயிருக்கிறது. இன்றைய சான்றிதழ் 2012-ல் செல்லுபடி ஆகாதல்லவா! உங்களுடையது புது மெஷின், இப்போதைக்கு இது வராது. நாலைந்து வருடம் கழித்து வந்தால் முதலில் தேதியைப் பாருங்கள்.

இனி தம்பி பக்கத்து நியாயத்துக்கு வருகிறேன். ஐமேப் ஒரு பேக்கப் இல்லை. தண்டர்பேர்டு உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி வைத்திருக்கும், ஆனால் அது பேரேட்டின் நிழல் மாதிரி. சர்வரில் ஒன்று அழிந்தால் இங்கேயும் அழியும். முதலாளி போனில் தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் உங்கள் மேஜையிலும் போகும். கணக்குக்காரருக்கு இது விளையாட்டு இல்லை. ஜிஎஸ்டி சட்டப்படி, அந்த ஆண்டின் வருடாந்தர ரிட்டர்னுக்கு உரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்கு ஆவணங்களை வைத்திருக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். இன்வாய்ஸும் ஷிப்பிங் பில்லும் மெயிலில் மட்டும் இருக்கிறது என்றால் மெயிலும் ஆவணம்தான்.

தண்டர்பேர்டின் இடது பக்கம் ‘லோக்கல் ஃபோல்டர்ஸ்’ என்று ஒன்று இருக்கும். அது எந்தச் சர்வரோடும் ஒட்டாதது. நிதியாண்டு வாரியாக அதில் ஃபோல்டர் போட்டு, மாதம் முடிந்ததும் முக்கியமான மெயில்களைத் தேர்ந்தெடுத்து, வலது கிளிக்கில் ‘காப்பி டு’ கொடுங்கள். ‘மூவ் டு’ கொடுத்தால் சர்வரிலிருந்து போய்விடும். கம்பெனி ஐடிக்கு இடம் நிரம்பும் நாள் வரும், அன்றைக்கு மட்டும் பழைய வருடங்களை ‘மூவ்’ செய்யுங்கள். ஜிமெயிலுக்கு 15 ஜிபி என்றாலும் டிரைவும் போட்டோவும் அதற்குள்ளேதான் வருகிறது. அந்த ஐடியைப் போட்டிருக்கும் போனில் எடுக்கிற கல்யாண வீடியோ நிறைந்துபோய் பையர் மெயில் திரும்பிய கதையும் உண்டு.

பிறகு தண்டர்பேர்டை மூடிவிட்டு, மெயிலும் செட்டிங்ஸும் இருக்கும் அதன் ப்ரொஃபைல் ஃபோல்டரை அப்படியே ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் காப்பி எடுங்கள். மூடாமல் எடுத்தால் பாதியில் எழுதிக்கொண்டிருக்கும் ஃபைல் கெட்டுப்போகலாம். அந்த ஃபோல்டர் எங்கே என்று தேட வேண்டாம்: ‘ஹெல்ப்’, ‘ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்’ திறந்தால் ‘ப்ரொஃபைல் ஃபோல்டர்’ எதிரே ‘ஓப்பன் ஃபோல்டர்’ இருக்கும். விண்டோஸில் அது யூசர் ஃபோல்டருக்குள் ‘ஆப்டேட்டா’, அதற்குள் ‘ரோமிங்’, அதற்குள் ‘தண்டர்பேர்டு’, அதற்குள் ‘ப்ரொஃபைல்ஸ்’. இந்த வழியை நினைவில் வையுங்கள், பீரோவில் பூட்டிய அந்தப் பழைய டிஸ்கிலும் இதே வழியில்தான் தேடப் போகிறீர்கள்.

கம்ப்யூட்டர் ‘உயிரை விட்டது’ என்றால் பெரும்பாலும் பவர் சப்ளையோ மதர்போர்டோ போயிருக்கும், டிஸ்க் நன்றாகவே இருக்கலாம். தம்பியிடம் ஒரு சாட்டா-யுஎஸ்பி கேபிள் இருக்கும். அதில் மாட்டிப் புதுக் கம்ப்யூட்டரில் செருகச் சொல்லுங்கள். கடக் கடக் என்று சத்தம் வந்தால் உடனே கழற்றிவிட வேண்டும், அதற்கு மேல் டேட்டா மீட்கிறவர்கள் வேலை. சத்தமில்லாமல் திறந்தால், ‘ஆப்டேட்டா’ மறைந்திருக்கும், ‘ஹிடன் ஐட்டம்ஸ்’ காட்டும்படி வைத்துக்கொண்டு மேலே சொன்ன வழியில் போங்கள். ப்ரொஃபைலுக்குள் ‘மெயில்’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். பாப்பில் இறங்கியதெல்லாம் அதற்குள்தான். ‘இன்பாக்ஸ்’ என்ற பெயரில் இரண்டு ஃபைல் தெரியும். ஒன்றின் வாலில் ‘எம்எஸ்எஃப்’ என்று இருக்கும், அது வெறும் அட்டவணை, விட்டுவிடுங்கள். வால் இல்லாமல் மொட்டையாக, பெரிய சைஸில் இருப்பதுதான் உங்கள் நான்கு வருடம். அதன் காப்பி ஒன்றை ‘பழைய இன்பாக்ஸ்’ என்று ஆங்கிலத்தில் பெயர் மாற்றி, தண்டர்பேர்டு மூடியிருக்கும்போது புது ப்ரொஃபைலின் ‘மெயில்’, ‘லோக்கல் ஃபோல்டர்ஸ்’ உள்ளே போடுங்கள். திறந்தால் இடது பக்கம் வந்து நிற்கும். முதல் தடவை அட்டவணை போடக் கொஞ்சம் நேரம் எடுக்கும், அவசரப்பட்டு மூட வேண்டாம்.

பழைய கம்ப்யூட்டரில் இருந்தது தண்டர்பேர்டுதானா, அவுட்லுக்கா என்று நீங்கள் எழுதவில்லை. அவுட்லுக் என்றால் தேட வேண்டியது ‘பிஎஸ்டி’ என்று முடியும் ஒரே ஃபைல். டிஸ்கைத் திறந்ததும் உள்ளே என்ன பெயரெல்லாம் தெரிகிறது என்று போனில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், அதைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்கிறேன்.